நடை உறுதி: குறைவு

இரவு பத்தரை. அங்கே காலை பத்து.
விசுவமடுச் சந்தியில் பூட்டிய கடைகளுக்கு நடுவே
என் கடைக் கதவு மட்டும் பாதி திறந்திருக்கிறது.
உடைந்த திரைகளின் குவியலில் சாய்த்து வைத்த டப்லெட்டில்
கறுப்புச் சேட்டுப் போட்ட ஒருவன்
அடுத்த வருடத்தைக் கையில் தூக்கிக் காட்டுகிறான்.

மூன்றாய் மடியும் போன்.
காதுக்குள் கிடந்து மொழிபெயர்க்கும் குமிழ்.
பட்டியலில் சிங்களம் உண்டோ என்று தேடினோம், இல்லை.
தமிழ் இருந்தது, பக்கத்தில் இந்தியக் கொடியோடு.
பிறகு ஒரு கண்ணாடி,
பார்க்கிற முகத்துக்குப் பெயர் சொல்லுமாம்.
"காணாமல் போன ஆக்களையும் சொல்லுமோ?"
விதுசன்தான் கேட்டான்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அதன் பிறகு விலையைச் சொன்னார்கள்,
எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் பின்னேரம்
ஸ்கூட்டியை வாசலில் விட்டுவிட்டு வந்தாள் புவனலோஜினி.
மணிக்கட்டில்
நேற்றிரவோடு பழசாகிப்போன கடிகாரம்,
பாசலிலிருந்து தம்பி அனுப்பியது.
"இதின்ர வாயை ஒருக்கா மூடிவிடு, சேந்தன்."
"என்ன சொல்லுது?"
"விழுந்திட்டியோ எண்டு கேக்குது."

கச்சான் அடித்தால் கேட்கிறதாம்.
விறகு கொத்தினால் கேட்கிறதாம்.
ஆட்டுக்குக் கட்டை இறுக்கினாலும்.
அடித்துக் களைத்து
ஒரு நிமிடம் அசையாமல் குந்தியிருந்தால் போதும்,
பாசலுக்கு அறிவித்துவிடுகிறது.
பாண் தொழிற்சாலையில் கையுறையோடு நிற்கும் தம்பி
அழுதுகொண்டே அழைக்கிறான்.

உள்ளே போனேன். அமைப்புகள். உடல்நலம்.
வயது நாற்பத்து நாலு. உயரம். நிறை.
கால் எத்தனை என்று கேட்கும் கட்டம் இல்லை.
கீழே, மஞ்சளில் ஒரு வரி:
நடை உறுதி: குறைவு.

வாசித்துக் காட்டினேன்.
வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு தரம் தட்டினாள்.
பிளாஸ்ரிக் சத்தம்.
"பதினாறு வருசம். இது நாலாவது.
இதோட வரம்பில நடந்து
உடையார்கட்டுத் தண்ணியை ராவில மாறிக் கட்டி
பெட்டையை வவுனியாக் கம்பசுக்கும் அனுப்பியாச்சு.
ஆருக்குக் குறைவாம்?"
கடிகாரம் பேசாமல்
அவளுடைய நாடியை எண்ணிக்கொண்டிருந்தது.

பேச்சை மாற்றுவதாய் நினைத்து
நேற்றுக் கேட்டதைச் சொன்னேன்:
வரப்போகிற கடிகாரம் விழமுன்னமே சொல்லுமாம்,
மூன்று செக்கனுக்கு முதல்.
"மூண்டு செக்கனோ?"
முல்லைத்தீவு பஸ் புழுதியோடு போய் முடியும் வரை
ஒன்றும் சொல்லவில்லை.
"காணும்," என்றாள் பிறகு.
"அண்டைக்கு மூண்டு செக்கன் காணும்."

நிறுத்தும் பொத்தானுக்கு மேலே என் விரல்.

"பொறு. நிப்பாட்டாதை. ஆளை மாத்து.
அவன் பாசலில இருந்து
என்னெண்டு வந்து தூக்கிறது?
பக்கத்து வளவுக் கோசலையைப் போடு."
"கச்சான் அடிக்கிற நாள் முழுக்க
ஓடி ஓடியெல்லே வருவா, அக்கா?"
"வரட்டுமன்.
வந்து அவளும் ரெண்டு அடி அடிக்கட்டும்."

இரண்டாவது பெயர் வேண்டும் என்றது கடிகாரம்.
அவள் என் கூரையைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள்,
சாவி போல ஆணியில் தொங்கும் சார்ஜர்களைப் பார்த்தாள்.
"உன்ர நம்பரைப் போடு."

இது மாசி. கச்சான் காலம்.
கண்ணாடி விலை இறங்கிவிட்டதா என்று
விதுசன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.
சில நாட்களில் பத்து மணிபோல
மேசையில் என் போன் அதிரும்:
புவனலோஜினி விழுந்திருக்கக்கூடும்.

விழவில்லை, எனக்குத் தெரியும்.
தெரிந்தும்
ஈயம் உருகி நிற்கிற முனையை
யாருடையதோ ஒரு போனின் பலகையில் தொடாமல்
அந்தரத்தில் பிடித்தபடி இருக்கிறேன்,
அடுத்த வரி வரும் வரை.